அம்மாவும் நானும் கம்பி போட்ட வருஷம்

எனக்குப் பதினாலு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் வகுப்பிலேயே நாலு பேர் போட்டிருந்தார்கள். அதே நாளில், நான் இறங்கிய நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் என் அம்மா ஏறி உட்கார்ந்தாள் என்பதுதான் கதை. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

பல் டாக்டருக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. துணைக்கு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டி, "நீங்க அங்க உட்காருங்கம்மா" என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் போட முடியுமா டாக்டர்? வயசாயிடுச்சு, தெரியும். வாயைத் திறந்து சிரிக்கணும்னு ஆசையா இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றாள். வீட்டில் அதைப் பற்றி மூச்சுகூட விட்டிருக்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

அம்மாவின் மேல்வரிசையில் வலப்பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல், பாதி திறந்த கதவு மாதிரி திரும்பி நிற்கும். மற்றவை அதற்கு இடம் கொடுத்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும். பள்ளியில் அவளுக்கு அதை வைத்து ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். என்ன பெயர் என்று கடைசிவரை சொல்லவில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக எழுந்து வாயை மூடும். கையில் வேலை இருந்தால் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மூக்கால் சிரிப்பாள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படத்திலும் அவள் பல் தெரியாது. கல்யாணப் படத்தில்கூட யாரோ திட்டினது போல நிற்கிறாள்.

அம்மாவுக்கு பஸ் டிப்போவில் வேலை. டிப்போவின் பின்பக்கம், டயர்கள் அடுக்கியிருக்கும் சுவருக்கு ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. கிழிந்த சீட்டுகளெல்லாம் அங்கே வந்து சேரும். பழைய ரெக்சினை உரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புது ரெக்சினை இழுத்துத் தைப்பார்கள். நீளத் தையலெல்லாம் மிஷினில் ஓடிவிடும். மூலைகளைக் கையால்தான் தைக்க வேண்டும், அதற்கு வளைந்த ஊசியும் மூன்று புரி முறுக்கிய நைலான் நூலும். அந்த மூலைகள் அம்மாவின் பொறுப்பு. பஸ்ஸில் ஏறினால் அவள் உடனே உட்கார மாட்டாள். சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். தன் தையல் என்றால் ஒன்றும் சொல்லாமல் உட்காருவாள். வேறு ஆளின் தையல் என்றால் நாங்கள் இறங்கும்வரை அதைப் பற்றியே கேட்க வேண்டியிருக்கும்.

கம்பி போட்ட முதல் வாரமே அவள் பல்லில் ஒட்டியிருந்த உலோகப் பொட்டு ஒன்று பெயர்ந்து வந்துவிட்டது. இடுப்பில் கத்தரி தொங்கும்போதே நூலைப் பல்லால் கடித்து அறுப்பது கொட்டகைப் பழக்கம். இருபது வருஷப் பழக்கம் கம்பி போட்டவுடன் போய்விடுமா? டாக்டர் திரும்ப ஒட்டிவிட்டு, "இனிமே கடிச்சா நான் ஒட்ட மாட்டேன்" என்றார். அதற்குப்பின் அம்மா கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கொட்டகையில் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்பா பஸ் டிரைவர். எதையும் கேலி பண்ணாமல் விட அவருக்குத் தெரியாது. கம்பி போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் கம்பி எண்ணுங்க" என்றார். அம்மா உதட்டை மடித்து மூக்கால் சிரித்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கம்பி போட்டால் பல் விளக்குவது மட்டும் போதாது. ஒவ்வொரு பல்லிடுக்கிலும் நூல் விட்டு எடுக்க வேண்டும். டாக்டர் அதை ஃப்ளாஸ் என்றார். எங்கள் வீட்டில் அது பல்நூல். கம்பி இல்லாதவர்களுக்கு அது இரண்டு நிமிஷ வேலை, மேலிருந்து இறக்கி எடுத்துவிடலாம். கம்பிக்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் ஊசியின் காதில் நூலைக் கோத்து, கம்பிக்கு அடியில் நுழைத்து மறுபக்கம் இழுத்து, பிறகு இடுக்கில் இறக்கி, பல்லின் இடுப்பை அணைத்தாற்போல மேலும் கீழும் தேய்த்து, ஈறு ஓரம்வரை போய், உருவி எடுக்க வேண்டும். முடிந்தால் அடுத்த இடுக்கு. மேலே பதிமூன்று, கீழே பதிமூன்று. தினமும் இருபத்தாறு தடவை ஊசி கோக்கிற வேலை.

அம்மாவுக்கு இது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நூலும் ஊசியும் அவளுக்குக் கை வந்த சமாசாரம். முதல் மாதம் நாங்கள் இருவரும் குளியலறைக் கண்ணாடி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். அவள் பதினைந்தாவது இடுக்கில் இருக்கும்போது நான் ஆறாவதில் அழுதுகொண்டிருப்பேன். "இழுக்காதே. அறுக்கற மாதிரி ஆட்டு. ரெக்சின் கிழிஞ்சா மாத்திக்கலாம், ஈறு கிழிஞ்சா என்ன பண்ணுவே?" என்பாள். வாயில் நூலோடு சொல்வதால் பாதிச் சொல் புரியாது. அந்த மாதத்தை இப்போது நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கண்ணாடியில் இரண்டு வாய், ஒரே மஞ்சள் பல்பு, கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் அவள் அளவெடுத்து வெட்டி வைத்த நூல் துண்டுகள். அன்று ஒருவர் வந்து இதற்காக நீ ஏங்குவாய் என்று சொல்லியிருந்தால் படாரென்று கதவைச் சாத்தியிருப்பேன்.

இரண்டாம் மாதம் அம்மா என்னை நம்பிவிட்டாள். நான் முதலில் தனியாக முடிப்பது, அவள் அடுப்படி வேலையெல்லாம் ஒழித்துவிட்டு அப்புறம் தனியாகச் செய்வது என்று ஏற்பாடு. ஆனாலும் காது மட்டும் குளியலறைப் பக்கமே இருக்கும். பல்நூல் டப்பியிலிருந்து நூலை இழுத்தால் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். இருபது நிமிஷமும் விட்டு விட்டு அந்தச் சத்தம் வந்தால் பெண் ஒழுங்காகச் செய்கிறாள் என்று அர்த்தம். சத்தம் நின்றால், "என்னடி, தூங்கிட்டியா?" என்று அங்கிருந்தே குரல் வரும்.

நான் என்ன செய்தேன் என்றால், பாவாடைக்குள் ஒரு கதைப் புத்தகத்தைச் செருகிக்கொண்டு போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன். பக்கத்துக்கு ஒரு தடவை நூலைக் கிர்ரென்று இழுத்தேன். இழுத்த நூலைத் தொட்டியின் ஓட்டைக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். வாய்க்குள் ஒரு இழைகூடப் போகவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டதும் உண்டு.

பல்நூல் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடையாது. டாக்டரிடம்தான் கிடைக்கும், அவர் இருந்தது இரண்டரை மணி நேர பஸ் பயணத்தில். மாதம் ஒருமுறை போகும்போது ஆளுக்கு ஒரு டப்பி கொடுப்பார். சரியாக உபயோகித்தால் மாதம் முழுக்க வரும். என் டப்பி பத்தாவது நாள் தீர்ந்தது. அம்மா அதைக் குலுக்கிப் பார்த்தாள். "பரவாயில்ல, நிறைய போட்டுத் தேய்க்கறே போல. இந்தா, என்னுதை எடுத்துக்க. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். இன்னொன்று எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த மாதமும் இதேதான், அதற்கடுத்த மாதமும் இதேதான்.

இன்னொன்று இல்லை. அம்மா டிப்போ நூலின் முறுக்கைப் பிரித்து மூன்று புரியையும் தனித்தனியாக எடுத்து, ஒரு புரியைக் கொட்டகையில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டியில் இரண்டு தரம் இழுத்து, அதைத்தான் தன் பல்லுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு தைக்கிற ஆளுக்குத்தான் இந்த யோசனை வரும். நைலான்தானே, மெழுகு போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், டாக்டர் கொடுப்பதும் அப்படித்தானே இருக்கிறது என்று நினைத்தாள். அவள் நினைத்தது பெரிய தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆனால் முறுக்கைப் பிரித்த புரி சீக்கிரம் பிசிறிவிடும். பிசிறு ஒன்று கம்பியின் ஓரத்தில் மாட்டி அறுந்து, ஈறுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவும் சரியாக அந்தத் திரும்பிய பல்லின் ஓரத்தில். கண்ணுக்குத் தெரியாத அளவு இழை. அம்மாவுக்கு அப்போதே வெள்ளெழுத்து ஆரம்பித்திருந்தது, கொஞ்சம் பெரிய இழையாக இருந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டிருக்காது.

ஈறு வீங்கியது. கம்பி போட்டால் அப்படித்தான் இருக்கும் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் பொறுத்தாள். டாக்டரிடம் போனபோது அவர் விளக்கைத் திருப்பி வைத்து, இடுக்கியால் அந்த இழையை மெதுவாக உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது இல்லையே."

"டிப்போ நூலு டாக்டர்" என்றாள் அம்மா, வாயைத் திறந்தபடியே.

"எதுக்கும்மா?"

அம்மா வாயைக் கொப்பளிக்கத் திரும்பிக்கொண்டாள். நான் பெஞ்சில் இருந்தேன். அந்த ஒரு விநாடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அந்த இடத்தில் கரைந்திருக்கிறது, பல் ஆடுகிறது, இதற்கு மேல் கம்பி அதைத் தள்ளினால் பல்லே கழன்று வந்துவிடும் என்றார். ஒரு மாதம் பார்ப்போம், தினமும் ஒழுங்காகச் சுத்தம் செய்யுங்கள், கெட்டிப்பட்டால் தொடரலாம், இல்லாவிட்டால் மேல்வரிசைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டியதுதான். அந்தப் பல் அப்போதும் முக்கால்வாசி கோணலாகத்தான் நின்றது. திரும்பும் பஸ்ஸில் அம்மா சீட்டைத் தடவிப் பார்க்கவில்லை.

நான் மாட்டிக்கொண்டது அந்த வாரக் கடைசியில். குளியலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. அப்பா ரென்ச்சோடு வந்து, அடியில் வளைந்திருக்கும் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. டென்னிஸ் பந்து அளவுக்கு ஒரு வெள்ளைச் சுருணை. "அடேயப்பா, யாரோ பட்டத்தை உள்ள விட்டுட்டாங்க போல" என்று ஆரம்பித்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா அதை வாங்கிக் கழுவினாள். சிக்கு எடுப்பது அவள் வேலையில் பாதி. நின்ற இடத்திலேயே நாலு முழம் பிரித்துவிட்டாள். விரலில் சுற்றி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "இது பல்லுல படவே இல்லையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என் தாடையைப் பிடித்து, "வாயைத் திற" என்றாள். என் ஈறை விரலால் அழுத்திச் சுற்றிலும் பார்த்தாள். கடைவாயில் ஒரு இடத்தில் ரத்தம் கசிந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. இளம் ஈறு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தது.

அது நிச்சயமான பிறகுதான் குட்டினாள். உச்சந்தலையில், விரல் கணுவால், ஒன்றே ஒன்று. ஊசி தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன விரல் அது. கண்ணில் பொறி பறந்தது. "உனக்கு நூல் பத்தலையேன்னு நான் டிப்போ நூலைப் போட்டுக்கிட்டேன்டி" என்றாள். அதற்கப்புறம் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் நின்று, தெரியாத இடுக்கில் ஊசியை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். நான் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். "உட்காருங்க. நான் போட்டு விடறேன்" என்றேன். நீ வா போ என்று பேசுகிற அம்மாவிடம் எங்கிருந்து அந்த மரியாதை வந்தது என்று தெரியவில்லை. அவளும் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

இன்னொருவர் வாய்க்குள் நூல் விடுவது லேசான காரியம் இல்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. அவள் வலியில் தோளைச் சுருக்கினாள், அடுப்பில் எதுவோ தீய்ந்தது. ஒரு வாரத்தில் கை படிந்துவிட்டது. எந்த இடுக்கு இறுக்கம், எங்கே நூல் மாட்டும், எந்தப் பல்லின் பின்னால் ஒரு மேடு இருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துபடி. அவளுக்கு முடிந்ததும் இடத்தை மாற்றிக்கொள்வோம். அவள் எனக்குப் போடமாட்டாள், நான் செய்வதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அப்படி ஒருநாள், என் இரண்டு கையும் அவள் வாய்க்குள் இருந்த நேரம், அப்பா டவலோடு குளியலறைக்கு வந்தார். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். "இன்னும் டயர் மாத்தி முடியலியா? வண்டி எடுக்க நேரமாச்சு" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உதட்டை மடிக்க முடியாது, என் விரல் இருந்தது. கையைத் தூக்க முடியாது, என் முழங்கை தடுத்தது. வாயை அகலத் திறந்தபடி, தொண்டையிலிருந்து, ஆ ஆ என்று சிரித்தாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவர் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். வீக்கம் முழுக்க வற்றியிருந்தது. ஈறு நல்ல நிறத்துக்கு வந்திருந்தது. யார் செய்தது என்று டாக்டர் கேட்டார், அம்மா என்னைக் காட்டினாள். ஆனால் எலும்பு திரும்ப வளரவில்லை. "பல்லைக் காப்பாத்தணும்னா கம்பியை எடுக்கணும்மா. நேராக்கணும்னா பல்லு போயிடும்" என்றார். அம்மா நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். "எடுத்துடுங்க" என்றாள். ஒவ்வொரு பொட்டையும் அவர் பெயர்த்து எடுக்கும் சத்தத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கீழ்வரிசை மட்டும் அவளுக்கு நேரானது. எனக்கு இரண்டு வருஷத்தில் இரண்டு வரிசையும் சோளக்கதிர் மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் குறுகுறுத்தது.

கழற்றும்போது டாக்டர் அந்தப் பல் இன்னும் ஐந்தாறு வருஷம் தாங்கினால் அதிகம் என்று சொல்லியிருந்தார். அம்மா அதை முப்பத்தொரு வருஷம் வைத்துக்கொண்டாள். தினமும் நூல் விட்டாள். பார்வை மங்கிய பிறகு அவளுக்கு நான் நூல் விட்டேன். அவள் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றாள், அப்பா போய்ச் சேர்ந்தார், எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வீடு அமைந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் அவள் வீட்டில் இறங்கி, கையைக் கழுவி, இடுக்கு இடுக்காகப் போய்விட்டு வருவேன். பேச்சு முழுக்க அவள்தான், வாயைத் திறந்தபடியே. எனக்கு அந்தப் பாஷை எல்லாம் புரியும். இதையெல்லாம் செய்தும் ஒரு வார்த்தை மட்டும் நான் சொன்னதில்லை. குட்டு வாங்கிய அன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பல் சாப்பிடும்போது தானாகவே வந்துவிட்டது. வலியில்லை, ரத்தமில்லை. அம்மா அதை ஒரு பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னோடு புது டாக்டரிடம் வந்தாள். சின்ன வயதுப் பெண், பொறுமையாகப் பேசினாள். பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பொய்ப்பல் ஒன்று வைத்துவிடலாம் என்றாள். "கவலைப்படாதீங்கம்மா, நல்லா நேரா, வரிசையா வச்சுடலாம்."

"நேரா வேண்டாம்மா. இருந்த மாதிரியே திருப்பி வச்சுடுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதில், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால், அழுகையை அடக்க முடியவில்லை. "அம்மா, நேராகணும்னுதானே அன்னிக்கு நாற்காலியில ஏறி உட்கார்ந்தே. நான்தான் கெடுத்தேன். இப்பவாவது நேரா வச்சுக்கயேன். என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

அம்மா என்னை ஏதோ விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நேராகணும்னு எப்போடி கேட்டேன்? வாயைத் திறந்து சிரிக்கணும்னு கேட்டேன். அது அப்பவே கிடைச்சாச்சு" என்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, நூல் போகிற அளவுக்கு இடுக்கு விட வேண்டும், அதில் மட்டும் ஏமாற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னாள்.

டாக்டர் பஞ்சிலிருந்த பல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தாளில் அதன் சாய்வை வரைந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் திரும்பணும்" என்றாள்.